சுவர் மறைந்தால் சுவரை அழிக்காதீர்கள்: வீட்டு வடிவமைப்பு மென்பொருளோடு நான் பட்ட பாடு

பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப முடிவானதும், அதற்கான முப்பரிமாண வரைபடத்தை நானே கணினியில் தயாரிக்க உட்கார்ந்தேன். படிக்கட்டு எங்கே ஏறி எங்கே முடியும், எந்த ஜன்னலில் காலை வெயில் விழும் என்பதையெல்லாம் கட்டுவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. வாரக்கணக்கில் அதோடு போராடினேன். அதில் வரைவதற்குச் செலவான நேரம் கொஞ்சம்தான். தரை நடுங்குவது, சுவர் மறைவது, கூரை உட்கார மறுப்பது, முப்பரிமாணக் காட்சி மொத்தமும் கறுப்பாகிவிடுவது ஆகியவற்றின் பின்னால் ஓடியதே அதிகம். தேவையில்லாமல் வாங்கிய நினைவகத்துக்கு ஒரு தொகை போனது. வேலையாட்கள் வந்து சும்மா உட்கார்ந்த நாட்களுக்குக் கூலியும் போனது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிளம்பியது தரை. கூடத்தின் தரைக்கு மரப்பலகை போன்ற ஒரு மேற்பரப்பைப் போட்டதும், அதன் மேல் கறுப்பும் பழுப்புமாகப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றின. மவுஸை அசைத்துக் காட்சியைச் சுழற்றினால் அந்தப் பற்களும் ஓடின. கையை எடுத்தால் அப்படியே உறைந்து நின்றன. பார்க்கவே தலை சுற்றியது. கணினி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கணினியின் நினைவகமான ராம் போதவில்லை, கூட்டினால் சரியாகிவிடும் என்றார். கூட்டினேன். பற்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

உண்மையில் நடந்தது இதுதான். கான்கிரீட் தளத்தின் மேல்முகமும் மரத்தரையின் முகமும் ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. எது முன்னால், எது பின்னால் என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும், திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஆழத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்கிறது. இரண்டின் ஆழமும் ஒன்றாக இருந்தால், கணக்கில் வரும் கடைசி இலக்கப் பிசிறைப் பொறுத்து ஒரு புள்ளியில் தளம் வெல்கிறது, பக்கத்துப் புள்ளியில் மரம் வெல்கிறது. காட்சி அசையும்போது பிசிறும் மாறுவதால் கோடுகள் ஓடுகின்றன. இதை இசட் ஃபைட்டிங் என்பார்கள். இதற்கும் ராமுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு முகங்களில் ஒன்றை அழித்தால் போதும். அல்லது மேலே உள்ளதை உண்மையான தரை ஓட்டின் கனத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். அதைவிட நல்லது, தனி முகம் வரையாமல் தளத்தின் மேல்முகத்துக்கே மர நிறத்தைப் பூசிவிடுவது. சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரி, கதவுச் சட்டம், சுவரில் பதித்த கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆனால் அருகில் போனால் ஒழுங்காகவும் விலகிப் போனால் மட்டும் நடுங்குவதாகவும் இருந்தால் கதை வேறு. அப்போது முகங்களுக்கு இடையே உண்மையிலேயே இடைவெளி இருக்கிறது. ஆழத்தை அளக்கும் நுணுக்கம்தான் போதவில்லை. ஆழத்துக்குப் பொதுவாக 24 பிட் ஒதுக்கப்படுகிறது. அந்த நுணுக்கம் எல்லாத் தூரத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கேமராவுக்கு மிக அருகில் உள்ள பகுதியே பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. காட்சி எந்தத் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற எல்லையை 1 மில்லிமீட்டரில் வைத்தால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் சுமார் 6 மில்லிமீட்டருக்குக் குறைவான வேறுபாடு கணினிக்குத் தெரியாது. அதே எல்லையை 10 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்தால் நுணுக்கம் நூறு மடங்கு கூடிவிடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இந்த எல்லை ‘கிளிப் ஸ்டார்ட்’ என்ற பெயரில் காட்சி அமைப்புகளில் இருக்கிறது. வேறு பல மென்பொருள்கள் அதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்த வகையில் நாம் செய்யக்கூடியது மாதிரியின் மொத்தப் பரப்பை வீட்டின் அளவோடு நிறுத்துவது மட்டுமே.

அந்தப் பரப்பில்தான் எனக்கு அடுத்த அடி விழுந்தது. நில அளவையாளர் கொடுத்த வரைபடக் கோப்பை அடியில் வைத்து அதன் மேல் சுவர்களை வரைந்துகொண்டிருந்தேன். ஓர் அறைக்குள் நெருங்கிப் போனால் எதிர்ச்சுவர் கத்தியால் அரிந்ததுபோல் பாதியில் அறுபட்டது. இன்னும் நெருங்கினால் முழுச் சுவரும் காணாமல் போனது. சுற்றிப் பார்த்தால் கோடுகள் எல்லாம் வெடவெடவென்று ஆடின. சுவரை அழித்துத் திரும்ப வரைந்தேன், அதுவும் அறுபட்டது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. மாலையில் தற்செயலாக ‘எல்லாவற்றையும் காட்டு’ என்ற பொத்தானை அழுத்தினேன். வீடு திரையின் ஒரு மூலையில் மண்துகள் அளவுக்குச் சுருங்கி, எதிர்மூலையில் இன்னொரு துகள் தெரிந்தது. அந்த இன்னொரு துகள், எல்லா அளவுகளும் பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஆதிப்புள்ளி. என் வீடு அதிலிருந்து பல லட்சம் மீட்டர் தள்ளி நின்றது.

நில அளவையாளர் மேல் குற்றமே இல்லை. அளவை வரைபடங்கள் பூமியின் மேல் உள்ள உண்மையான ஆயத்தொலைவுகளில்தான் இருக்கும். அவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட் எண்களைக் கொண்டு வரைகிறது. அந்த எண்ணுக்குள் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே நம்பகமாக அடங்கும். ஆதிப்புள்ளியிலிருந்து பத்து லட்சம் மீட்டர் தள்ளிப் போனால், அந்த எண்முறையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே சுமார் 6 சென்டிமீட்டர் தாவல். 10 சென்டிமீட்டர் கனமுள்ள தடுப்புச் சுவர் அங்கே எப்படி ஆடாமல் நிற்கும்? பல மென்பொருள்கள் கோப்புக்குள் அளவுகளைத் துல்லியமாகவே வைத்துக்கொண்டு, திரைக்கு அனுப்பும்போதுதான் சுருக்குகின்றன. அதனால் அளவு கேட்டால் சரியான விடை வரும். கண்ணுக்கு மட்டும் எல்லாம் உடைந்து தெரியும். நான் அழித்து வரைந்த சுவர்களில் ஒன்றுகூடப் பிழையானதில்லை என்று புரிந்தபோது அழுகையே வந்துவிட்டது.

இதற்கு வழி, வரைபடத்தை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே, அதைத் தயாரித்த இருபரிமாண மென்பொருளிலேயே வீட்டின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அந்த மூலை பூஜ்ஜியத்தில் விழும்படி நகர்த்திவிடுவது. எவ்வளவு நகர்த்தினோம் என்ற இரண்டு எண்களையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவையாளர் கேட்பார். நகர்த்திய கோப்பைப் புதிய வெற்றுக் கோப்பில்தான் இறக்க வேண்டும். சில மென்பொருள்கள் சேமிக்கும்போதே எண்ணைச் சுருக்கிவிடும். ஒருமுறை தொலைந்த இலக்கங்கள் பின்னால் நகர்த்துவதால் திரும்பி வராது. பெரிய அலுவலகங்களில் புழங்கும் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கூடத் தன் உள் ஆதிப்புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குள் மாதிரி இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. வீடு ஆதிப்புள்ளியில் இருந்தும் சுவர் அறுபட்டால், எங்கோ தூரத்தில் ஒற்றைக் கோடோ எழுத்தோ அநாதையாகக் கிடக்கும். அதே பொத்தானை அழுத்திப் பார்த்து, அதைத் தேடிப் பிடித்து அழியுங்கள்.

உள்ளே இறக்கும்போது அலகையும் பாருங்கள். மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலம் என்று படித்தால் வீடு 25.4 மடங்கு பெருக்கும்; மீட்டரில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று படித்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகி எங்கே போனது என்றே தெரியாது. அளவு தெரிந்த ஒரு கதவை உடனே அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கோடு போட வேண்டும்.

இவ்வளவும் சரியாகி ஒரு மூச்சு விட்ட மறுநாள் காலை, கணினியைத் திறந்தால் முப்பரிமாணக் காட்சி முழுக்கக் கறுப்பு. இருபரிமாணப் பிளான் தெரிந்தது, சுவர்களின் பட்டியல் தெரிந்தது, முப்பரிமாணம் மட்டும் இருட்டு. முதல் நாள் செய்த வேலை அழிந்துவிட்டது என்றே நினைத்துக் கை நடுங்கியது. அழியவில்லை. இரவில் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் மாறிப்போயிருந்தது. விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழே பாருங்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயருக்குப் பதிலாக ‘பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால், சரியான டிரைவர் இல்லை என்று பொருள். அந்த நிலையில் முப்பரிமாணம் வரையப் பயன்படும் ஓப்பன்ஜிஎல் முறையின் மிகப் பழைய 1.1 பதிப்பு மட்டுமே கிடைக்கும். இன்றைய வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றுக்கு அது போதாது. கார்டு அல்லது மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவினால் காட்சி திரும்பிவிடும். எனக்கும் அப்படித்தான் திரும்பியது. அதற்குள் அரை நாள் கழிந்திருந்தது.

மடிக்கணினி என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. பலவற்றில் செயலியோடு சேர்ந்த சிறிய கிராபிக்ஸும் தனியான பெரிய கார்டும் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இயங்குதளம் சிறியதையே மென்பொருளுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய், உங்கள் மென்பொருளைச் சேர்த்து அதிகச் செயல்திறனைத் தேர்ந்தெடுக்கலாம்.  தொலைவிலிருந்து வேறொரு கணினியை இயக்கும் இணைப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் முப்பரிமாணம் கறுப்பாகலாம். அந்தக் கணினியின் முன்னால் நேரடியாக உட்கார்ந்து ஒருமுறை திறந்து பார்த்தால் காரணம் பிரிந்துவிடும்.

திரையின் தொல்லை தீர்ந்த பிறகுதான் மாதிரியின் உண்மையான பிழைகள் கண்ணுக்குப் பட்டன. அவற்றில் என்னை மிகவும் வதைத்தது மூடாத சுவர். ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் அறைக் கருவியை எடுத்துச் சுவர்களுக்கு நடுவே இருமுறை சொடுக்கினால் தரை தானாக நிரம்பும். சுற்றிலும் சுவர் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேறு மென்பொருள்களிலும் தரைக்கும் தானியங்கிக் கூரைக்கும் ஏறக்குறைய இதே விதிதான். என் மாடியில் தரை நிரம்பவில்லை, கூரையும் உட்காரவில்லை. எல்லா மூலைகளும் கண்ணுக்கு ஒட்டியே தெரிந்தன. கடைசியில் தென்மேற்கு மூலையை மேலிருந்து பெரிதாக்கிக்கொண்டே போனேன். இரண்டு சுவர்களின் முனைகளும் தொட்டுக்கொள்வதுபோல் தெரிந்து, தெரிந்து, ஒரு கட்டத்தில் நடுவே மயிரிழைபோல் வெள்ளை தோன்றியது. அளந்தால் 2 மில்லிமீட்டர். அடியில் வைத்த வரைபடத்திலேயே அந்த மூலை பிரிந்திருந்தது. அதை ஒட்டி வரைந்ததால் பிளவும் சேர்ந்து வந்துவிட்டது.

ஒவ்வொரு மூலையையும் இப்படிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்கு நான் பிறகு பிடித்துக்கொண்ட வழி, வீட்டின் குறுக்கே ஒரு தற்காலிகச் சுவரை வரைந்து இரண்டாகப் பிரிப்பது. எந்தப் பாதியில் தரை நிரம்புகிறதோ அந்தப் பாதியில் குறையில்லை. நிரம்பாத பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். சில தடவைகளிலேயே பிளவுள்ள மூலை வந்து சிக்கிவிடும். பிறகு தற்காலிகச் சுவர்களை எடுத்துவிடலாம். பிளவு இல்லாமலேயே கூரை மறுத்தால் சுவர்களின் பட்டியலை நீள வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரு பெரிய சுவருக்குள் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டுச் சுவர் ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. பிளானில் அது தெரியவே தெரியாது, பட்டியலில் மட்டும் தலைகாட்டும். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைகிறவர்களுக்கு இதன் இன்னொரு முகம் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மிக நுண்ணிய விளிம்புகளில் அது முகம் உருவாக்கத் திணறும். குழாய் வளைவு, கைப்பிடிச் சுழல் போன்றவற்றைப் பத்து மடங்கோ நூறு மடங்கோ பெரிதாக வரைந்து முடித்துவிட்டுச் சுருக்கினால் பிரச்சினை வராது.

வெளிப்புறச் சுவர் மென்பொருளில் ஒழுங்காகத் தெரிந்து, ரெண்டர் (ஒளியும் நிழலும் சேர்த்த இறுதிப் படம்) எடுத்தால் மட்டும் ஓட்டையாகத் தெரிந்தால் முகம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் முன்புறம், பின்புறம் உண்டு. சில ரெண்டர் முறைகள் வேகத்துக்காகப் பின்புறத்தை வரைவதே இல்லை. ஸ்கெட்ச்அப்பில் நிறம் பூசாத முகத்தின் முன்புறம் வெள்ளையாகவும் பின்புறம் நீலச் சாம்பலாகவும் இருக்கும். பூச்சை மறைத்து ஒற்றை நிறக் காட்சிக்கு மாறி, வெளியே தெரியும் நீலச் சாம்பலையெல்லாம் திருப்பிவிட்டால் முடிந்தது. ரெண்டரில் அறை இருட்டாக இருந்தால் விளக்கைக் கூட்டுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடி உண்மையில் ஒளி புகும் பொருளாக இருக்கிறதா என்று பாருங்கள். வடக்குத் திசை, நாள், நேரம் இவற்றையும் சரிபாருங்கள். எனக்குக் காலை வெயில் சமையலறைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வடக்கு அம்புக்குறி 90 பாகை திரும்பியிருந்தது.

பொருட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோபாவுக்குள் தையல் நூல்வரை செதுக்கி, லட்சக்கணக்கான முகங்களை வைத்திருப்பார்கள். அந்த ஒரு சோபா உங்கள் முழு வீட்டைவிடக் கனமானது. பரப்புகளின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களும் அப்படித்தான். வட்டில் 2 எம்பி மட்டுமே இருக்கும் 4096க்கு 4096 புள்ளிப் படம், கிராபிக்ஸ் நினைவகத்தில் விரியும்போது 64 எம்பி ஆகிறது. தரை ஓட்டுக்கு 1024 புள்ளியே தாராளம். வரையும் நேரத்தில் பொருட்களை ஒரு தனி லேயரில் போட்டு மறைத்து வையுங்கள். நிழலையும் அணைத்து வையுங்கள்.

வேலையாட்கள் சும்மா உட்கார்ந்ததற்குக் காரணம் இவை எதுவுமில்லை, அச்சு. நான் அனுப்பிய பிளானைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கி அச்சடித்துவிட்டார்கள். ஒப்பந்ததாரர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, “எழுதியிருக்கிற அளவு ஒன்று, தாளில் வருகிற அளவு ஒன்று. எதை நம்பி நான் சுவர் எழுப்புவது?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மறுபடி அச்சடித்து, ஒவ்வோர் அளவையும் ஒத்துப் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொரு தாளிலும் வரைபட அளவில் 1 மீட்டரைக் காட்டும் கோடு ஒன்றை அளவு குறித்துப் போட்டுவிடுகிறேன். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். கட்டும் இடத்தில் யாரும் கண்டுபிடித்துவிடலாம். முப்பரிமாணப் படத்தின் மேல் அளவுகோல் வைக்கவே கூடாது என்பதையும் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

இனி ஏதாவது கோணலாகத் தெரிந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். மாதிரியில் கை வைக்கும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுக்கிறேன். பிறகு வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆதிப்புள்ளியில் ஒரே ஒரு பெட்டி வரைகிறேன். பெட்டியும் கோணலாகத் தெரிந்தால் கோளாறு டிரைவரில் அல்லது கணினியில். வீட்டைத் தொடத் தேவையில்லை. பெட்டி சரியாக இருந்தால், வீட்டை அதே கோணத்தில் படக் கோப்பாக ஏற்றுமதி செய்து பார்க்கிறேன். படத்திலும் அதே கோளாறு இருந்தால் பெரும்பாலும் மாதிரியிலோ அது நிற்கும் தூரத்திலோ காரணம் இருக்கும். திரையில் மட்டும் என்றால் காட்சி அமைப்புகளைத் தேடுகிறேன். அடுத்து, நகலில் பாதி வீட்டை அழித்துப் பார்க்கிறேன். கோளாறு மறைந்தால் அழித்த பாதியில் இருந்தது, மறையாவிட்டால் மிச்சத்தில் இருக்கிறது. சுருங்கிச் சுருங்கி ஒரு சுவரோ ஒரு நாற்காலியோ கையில் நிற்கும்.

அப்படியும் பிடிபடாமல் யாரிடமாவது கேட்க நேர்ந்தால், “சுவர் தெரியவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், கிராபிக்ஸ் கார்டின் பெயர், டிரைவரின் தேதி, கோளாறு தெரியும் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்), பெட்டிச் சோதனையில் என்ன வந்தது என்பவற்றோடு, சுருக்கிய அந்தச் சிறிய கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். நான் இப்படி அனுப்பிய ஒரு கேள்விக்கு, முகம் தெரியாத ஒருவர் அன்று மாலையே கோப்பைத் திறந்து பார்த்துப் பதில் எழுதினார். படிக்கட்டுக்கு மேல் தளத்தில் திறப்பு வெட்டப்படாமல் இருந்ததற்குக் காரணம், படிக்கட்டின் உயரம் மாடியின் தள மட்டத்தைவிட 5 மில்லிமீட்டர் குறைவாக இருந்ததுதான் என்றார். உயரத்தைக் கூட்டினேன், திறப்பு விழுந்தது. அடுத்த வாரம் கொத்தனார்கள் அந்தத் தாளை வைத்துத்தான் படிக்கட்டுக்குப் பலகை அடித்தார்கள்.